ஹுல்கர் ஊற்றிய தேநீர்

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிற யாரையும் நான் முதலில் முகர்ந்து பார்ப்பேன். சிரிக்காதீர்கள். எலிகள் இருக்கிற அறைக்குள் சென்ட் கூடாது, வாசனைச் சோப்பு கூடாது, முந்தின நாள் தின்ற பூண்டின் வாடைகூடக் கூடாது. எங்கள் பேராசிரியர் முக்தார், ஆசிரியர்களை நாங்கள் அழைக்கிற முறைப்படி முக்தார் டோம்லா, தன் கையெழுத்தைப் போட்டு இதையெல்லாம் கதவில் ஒட்டியே வைத்திருக்கிறார். கதவில் ஒட்டியதை எவன் படிக்கிறான்? ஆகவே அந்த அறைக்கு என் மூக்குதான் காவல்.

ஹுல்கர் வந்தது பிப்ரவரி மாதத்து ஒரு திங்கட்கிழமை. தாஷ்கண்டில் பனி பாதி உருகி, தெருவெல்லாம் கறுப்புச் சேறாகக் கிடந்த நேரம். கதவருகே நெட்டையாக ஒரு பெண் நின்றாள். பின்னலை மேல்கோட்டுக்குள் செருகியிருந்தாள். கையில் துணியில் சுற்றிய ஊர் ரொட்டி. நான் எழுந்து போய் அவள் கழுத்தருகே மூக்கைக் கொண்டுபோனேன். அவள் துள்ளிப் பின்வாங்கினாள்.

"என்ன ஓபா பண்றீங்க?"

வந்த உடனேயே என்னை மூத்தவளாக்கி ஓபா என்று கூப்பிட்டுவிட்டாள். அது பரவாயில்லை.

"உள்ள வரணும்னா அசையாம நில்லு. தலைக்கு என்ன போட்ட?"

"தயிர்."

"தயிரா!"

"எங்க ஊர்ல தயிர் தேச்சுத்தான் தலைக்குக் குளிப்போம். முடி வளரும்னு..."

எலிக்கூண்டுகளைக் கவனிக்கிற இல்யோஸ் உள்ளேயிருந்து கத்தினான். "விடுங்க பார்னோ ஓபா! எலிங்களுக்குத் தயிர்னா உசிரு. தலையோட சேத்துத் தின்னுடும்!"

நான் அவளை வாசனையில்லாத ஆய்வகச் சோப்போடு குழாயடிக்கு அனுப்பினேன். அன்றைக்கு வெந்நீர் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரிலேயே தலையை அலசி, துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வந்து நின்றாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும், அந்த மூக்கும் கொஞ்சம் பெரிசு என்று இல்யோஸ் சொல்லுவான். நான் சட்டென்று யாரிடமும் இளித்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை.

எங்கள் வேலை பயத்தைப் பற்றியது. ஒரு முறை பயந்ததை மூளை எங்கே வைத்துக்கொள்கிறது, எது அதைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று பார்ப்போம். அதற்கு ஒரு மேடை உண்டு. கூட்டல் குறி வடிவத்தில், இடுப்புயரத்தில் ஒரு பலகை. எதிரெதிரான இரண்டு கைகளுக்குச் சுவர் இருக்கும், மற்ற இரண்டும் வெட்டவெளி. வெள்ளை எலியை நடுவில் விடுவோம். பயமில்லாத எலி வெட்டவெளிக்கு நடந்து போய் விளிம்பில் எட்டிப்பார்க்கும். பயந்த எலி சுவருக்குள் ஓடி மூலையில் பதுங்கிவிடும்.

டோம்லா மாணவர்களை எடுக்கும்போது மதிப்பெண் பார்க்கமாட்டார். ஒரு வாரம் எலிகளைக் கையில் எடுத்துப் பழகச் சொல்லுவார். சனிக்கிழமை அவர் கண் முன்னால் ஒரு எலியை மேடையில் விடவேண்டும். அது வெளியே நடந்தால் இடம் உண்டு. பதுங்கினால், "நல்லா இரு மகளே," என்று சொல்லி அனுப்பிவிடுவார். விட்ட கையைப் பார்த்தே எலி பயந்தால், மருந்தைப் பற்றி அது நமக்கு என்ன சொல்லப்போகிறது என்பது அவர் கட்சி. அந்த வருஷம் இருந்தது ஒரே ஒரு இடம். முந்தின வாரம் வந்த ஆந்திஜான் ஊர்ப் பையன் ஒருவன் அப்படித்தான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான்.

ஹுல்கர் தெற்கே பாய்சுன் மலைப்பக்கத்துக்காரி. இடம் கிடைக்காவிட்டால் அங்கே பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியை வேலை தயாராக இருந்தது. அவள் அம்மா தலைமை ஆசிரியரிடம் பேசியே வைத்திருந்தாள்.

"கெட்ட வேலையில்ல ஓபா," என்றாள் முதல் நாள் மத்தியானம், ரொட்டியைப் பிட்டு எனக்கும் வைத்தபடி. "ஆனா அங்க போனா நான் கேக்கற கேள்விக்கெல்லாம் நானேதான் பதில் சொல்லிக்கணும்."

"அப்படி என்ன கேள்வி வெச்சிருக்க?"

அவர்கள் வீட்டுக் கிடாய் ஒன்று குட்டியாக இருந்தபோது பட்டியின் கதவு அதன்மேல் சாய்ந்துவிட்டதாம். அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் வளர்ந்து கொம்பு முளைத்த பிறகும் அந்தக் கதவு வழியாக அது போகவே போகாது. இழுத்தாலும் அடித்தாலும் போகாது. கடைசியில் அவள் அப்பா பட்டிச் சுவரை இடித்து வேறு வழி விட்டார். அண்ணன் கல்யாணத்துக்கு அந்தக் கிடாயை அறுத்து, தலையை வேகவைத்து, மூளையைத் தட்டில் கொண்டுவந்து வைத்தபோது இவள் போய்க் குனிந்து பார்த்திருக்கிறாள்.

"இதுல கதவு எங்க இருக்குன்னு கேட்டேன். மாமாங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் உப்புத் தொட்டுக்கிட்டுத் தின்னுட்டாங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கேள்வியை நான் பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் பதில் தெரியாது.

அன்று சாயங்காலம் டோம்லா வகுப்பு முடிந்து வந்தார். இலையுதிர்காலம் தொடங்கினால் மார்ச்சில் வருகிற நவ்ரூஸ் பண்டிகை வரை அவர் கழுத்தைவிட்டு இறங்காத சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை ஒன்று உண்டு. அதோடு, கையில் ஒரு மிட்டாய்ப் பெட்டி. அவருக்கு முதல் பேரன் பிறந்திருந்தான். சில வாரமாகவே மனுஷன் நாளுக்கு ஒரு பெட்டி வாங்கி எங்களைத் திணறடித்துக்கொண்டிருந்தார். இருப்பதில் சின்னவர்தான் தேநீர் ஊற்றவேண்டும். ஹுல்கர் பானையை எடுத்தாள்.

எங்கள் ஊரில் கிண்ணத்தில் ஒரு வாய்தான் ஊற்றுவோம். குடிக்கக் குடிக்க மறுபடி ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் மரியாதை. விளிம்பு வரை நிறைத்து நீட்டினால் குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம். குழந்தைக்குக்கூடத் தெரியும். இந்தப் பெண் டோம்லாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, கை என்ன செய்கிறது என்று தெரியாமல், ஊற்றினாள், ஊற்றினாள், விளிம்பு தளும்ப ஊற்றி அவரிடமே நீட்டினாள்.

இல்யோஸால் அடக்க முடியவில்லை.

"வந்ததும் வராததுமா டோம்லாவையே வீட்டுக்குப் போகச் சொல்றியே தங்கச்சி!"

அவள் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. டோம்லா இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கினார். ஒரு சொட்டுச் சிந்தாமல் முழுவதையும் குடித்தார். "நல்ல சூடு," என்று மட்டும் சொல்லி எழுந்து போனார். அவள் இருந்த இருப்பைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் எலிகளைப் பழக்கத் தொடங்கினாள். காலையில் வந்தால் நேராகக் கூண்டுக்குப் போவாள். கையை உள்ளே வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். பிடிக்கமாட்டாள், துரத்தமாட்டாள். கொஞ்ச நேரத்தில் எலி தானே வந்து உள்ளங்கையில் ஏறும். அப்புறம் முழங்கை வரை. சட்டைக் கைக்குள் புகுந்து தோள்பட்டையில் தலையை நீட்டிய எலியும் உண்டு. எனக்கு அந்தப் பழக்கம் வருவதற்கு மாதக்கணக்காயிற்று.

டோம்லா வந்தால்தான் வினை. சாயங்காலம் வந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் நிற்பார். எலிகளைக் கேமராவில் பார்ப்பதெல்லாம் அவருக்கு ஆகாது, கண்ணால் பார்க்கவேண்டும். அவள் எலியை மேடை நடுவில் விடுவாள். காலையில் அவள் தோளில் விளையாடிய அதே கூட்டத்து எலிதான். சுவருக்குள் பாய்ந்து மூலையில் ஒட்டிக்கொள்ளும். "ம்," என்பார் டோம்லா. போய்விடுவார். செவ்வாய்க்கிழமை அப்படி. புதன்கிழமையும் அப்படியே.

"உனக்கு அவரைக் கண்டா பயம்," என்றான் இல்யோஸ். "உன் பயம் கை வழியா எலிக்கு இறங்குது."

"கை நடுங்கலையே அகா. பாருங்க," என்று அண்ணன் முறை வைத்து அவனிடம் கையை நீட்டினாள்.

"வெளில நடுங்கல. உள்ள நடுங்குது."

நான் என் பங்குக்குக் கத்தினேன். "என்ன தின்ன? வெங்காயமா? நிஜத்தைச் சொல்லு."

"சூப்புல கொஞ்சம்..."

"கொஞ்சமாவது, நஞ்சமாவது! சனிக்கிழமை வரைக்கும் வெங்காயம் தொடாத. பூண்டு, சீரகம் எதுவும் தொடாத."

மறுபேச்சுப் பேசவில்லை. அன்றிலிருந்து வெறும் ரொட்டியும் தேநீரும்தான். வியாழக்கிழமை எங்கள் ஊரே பிலாவ் தின்கிற நாள். உணவகத்திலிருந்து கேரட்டும் கொழுப்பும் மணக்க மணக்கத் தட்டு வந்தது. நாங்கள் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து அள்ளிக்கொண்டிருந்தோம். அவள் ஜன்னலோரம் போய்க் காய்ந்த ரொட்டியை மென்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வா என்று கூப்பிடவும் இல்லை. அன்று சாயங்காலமும் அவள் எலி மூலையில்தான் பதுங்கியது. கூண்டை மூடிவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

என் சொந்தக் கதையையும் இங்கே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. என் ஆய்வு அப்போது கடைசிக் கட்டத்தில் இருந்தது. பாதி எலிகளுக்கு ஒரு மருந்து கொடுப்பேன், பாதிக்குக் கொடுக்கமாட்டேன். இரண்டு கூட்டத்தையும் மேடையில் விட்டுப் பார்ப்பேன். அந்தச் சில வாரங்களில் யாரும் எதிர்பார்க்காத முடிவு வந்தது. பயத்தைக் குறைக்கும் என்று நினைத்த மருந்து பயத்தைக் கூட்டியது. கொடுக்காத எலிகள் நன்றாக நடந்தன, கொடுத்தவை எல்லாம் பதுங்கின. டோம்லாவுக்கு ஒரே குஷி. கொடுத்த எலி ஒன்றைக்கூட விடாமல் வந்து நின்று பார்த்தார். கொடுக்காததற்கு வரமாட்டார், அதில் பார்க்க என்ன இருக்கிறது? கட்டுரைகூட எழுதத் தொடங்கியிருந்தோம். வசந்தத்தில் எனக்குப் பட்டம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டோம்லா வீட்டில் பேரனைத் தொட்டிலில் போடுகிற விருந்து. ஆய்வகமே கிளம்பிப் போனது. ஹுல்கர் மட்டும் வரவில்லை. எலிகளுக்குத் தண்ணீர் மாற்ற ஒரு ஆள் வேண்டும். அதோடு, மறுநாள் தன்னை வேண்டாமென்று சொல்லப்போகிற மனுஷன் வீட்டில் எப்படிப் போய்ச் சாப்பிடுவது என்ற கூச்சமும் அவளுக்கு.

வாசலில் டோம்லாவின் மனைவி முனவ்வர் ஓபா இரும்புச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தார். சட்டியில் இசிரிக் புகைந்துகொண்டிருந்தது. பிறந்த குழந்தை இருக்கிற வீட்டில் நாற்பது நாளும் காலையும் மாலையும் அந்த மூலிகையைப் புகை போடுவார்கள். கண்ணேறு அண்டாது, நோய் அண்டாது. வருகிறவர்களையும் அப்படியே உள்ளே விடமாட்டார்கள். எங்கள் தலையைச் சுற்றி, கோட்டைச் சுற்றி, பைக்குள்ளும் ஒரு வீச்சு வீசினார் முனவ்வர் ஓபா.

"வாங்க வாங்க. கெட்ட கண்ணெல்லாம் பொசுங்கட்டும். பார்னோ, நீ நல்லா வாங்கிக்கோ. உனக்குத்தான் கண்ணு அதிகம் பட்டிருக்கு, இல்லாட்டி இத்தனை வருஷமா ஒரு மாப்பிள்ளை கிடைக்காம இருப்பானா?"

வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டோம், குழந்தையைக் கொஞ்சினோம், வீடு திரும்பினோம்.

சனிக்கிழமை காலை நான் சீக்கிரமே வந்து மருந்து கொடுக்காத எலி ஒன்றை மேடையில் விட்டேன். பாய்ந்து போய்ப் பதுங்கியது. சரி, ஒன்று அப்படியிருக்கும் என்று இன்னொன்றை விட்டேன். அதுவும் பதுங்கியது. மருந்தே கொடுக்கவில்லை, என்ன கேடு வந்தது இதற்கு? பக்கத்து அறையில் இல்யோஸ் தீனித் தட்டை நீட்டினான். எலிகள் கூண்டின் பின்பக்கம் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தன.

"என்னமோ நான் அறுக்க வந்த மாதிரி ஓடுதுங்க ஓபா!"

"ராத்திரி கட்டடத்துக்குள்ள பூனை வந்துச்சா?"

"பூனையா? வாட்ச்மேனே வரதில்ல."

வெப்பக்குழாயைக் குறை சொன்னேன், விளக்கைக் குறை சொன்னேன், இல்யோஸையும் விடவில்லை. அந்த நேரத்தில் ஹுல்கர் வந்தாள். வழக்கம்போல் கூண்டைத் திறந்து கையை வைத்தாள். குவியலிலிருந்து ஒரு எலி பிரிந்து வந்து அவள் உள்ளங்கையை முகர்ந்தது. ஏறியது. முழங்கை வரை நடந்து உட்கார்ந்து மூஞ்சியைக் கழுவிக்கொண்டது.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், இல்யோஸைப் பார்த்தாள். எலியைக் கூண்டில் விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். திங்கட்கிழமை நான் அவளுக்குச் செய்ததை அப்படியே எனக்குச் செய்தாள். கழுத்தருகே குனிந்து முகர்ந்தாள்.

"ஓபா, நேத்து வாசல்ல புகை காட்டினாங்களா?"

"காட்டாம விடுவாங்களா? ஏன்?"

"இதே கோட்டுதானே? இதே ஸ்வெட்டர்தானே? மூக்கைத் துளைக்குது."

என் ஸ்வெட்டரைத் தூக்கி முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. இல்யோஸ் தன் கையை முகர்ந்தான், அவனுக்கும் தெரியவில்லை. தெரியாததில் அதிசயம் என்ன? பஸ்ஸில், சந்தையில், ரொட்டிக்கடை வாசலில், குளிர்காலம் முழுக்க எங்கள் ஊரில் லேசாக அந்தப் புகைதான். முந்தாநாள் பூண்டைக் கண்டுபிடிக்கிற என் மூக்கு, அதை ஒரு வாசனையாகவே கணக்கில் சேர்ப்பதில்லை.

"உனக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

"வெறும் ரொட்டியா தின்னுட்டு வாசனையே இல்லாம கெடக்கறேன் ஓபா. இப்ப எனக்கு எல்லாமே நாறுது."

இல்யோஸ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி எதையோ யோசித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"டோம்லா வீட்ல தினமும் போடுவாங்கதானே?"

அந்தச் சால்வை. பேரன் பிறந்த நாளிலிருந்து காலையும் மாலையும் புகை குடித்த கம்பளி. அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அவர் எங்கெல்லாம் நின்றார்? ஹுல்கரின் எலிகளுக்குப் பக்கத்தில். என் மருந்து கொடுத்த எலிகளுக்குப் பக்கத்தில், ஒவ்வொன்றுக்கும். கொடுக்காததற்கு ஒரு தடவைகூட வரவில்லை. அப்படியானால் என் மருந்து எதையும் கூட்டவில்லை. கூட்டியது சால்வை.

முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நிமிஷம் ஹுல்கரை ஓங்கி ஓர் அறை விடலாம் போல் இருந்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் வந்த பெண், என் உழைப்பு முழுவதையும் வாரிக் குப்பையில் போட்டுவிட்டாளே என்று ஆத்திரமாக வந்தது.

இல்யோஸ் கெட்டிக்காரன். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

"தங்கச்சி, வாயத் தொறக்காத. டோம்லா வந்ததும் நான் கை தவறின மாதிரி சால்வைல டீயைக் கொட்டிடறேன். கழட்டிக் காயப் போட்டுடுவாரு. உன் எலி ஜம்முனு நடக்கும், உனக்கு இடம். ஓபாவுக்குப் பட்டம். யாருக்கும் நஷ்டமில்ல."

அவள் என்னைப் பார்த்தாள். அவள் சரி என்று தலையை ஆட்டவேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

"திங்கக்கிழமை சால்வை மறுபடி கழுத்துக்கு வருமே அகா," என்றாள். "அப்ப என்ன பண்றது? தினமும் டீ கொட்டுவீங்களா?"

அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பாக்காத," என்றேன். "உன் பரீட்சை, உன் வாய். ஆனா ஒண்ணு. மொத வாரத்துலயே டோம்லா மேல குத்தம் சொன்னவளை அவர் வெச்சுக்குவாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியாது. இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

டோம்லா வந்தார். சால்வை, பின்னால் கட்டிய கைகள், எல்லாம் வழக்கம்போல். "ஆரம்பிக்கலாமா மகளே?"

ஹுல்கர் மேடை பக்கத்தில் நின்றாள். எலியைக் கூண்டிலிருந்து எடுக்கவில்லை.

"டோம்லா, நீங்க கொஞ்சம் வெளில போகணும்."

இல்யோஸ் கூரையைப் பார்த்தான்.

"வெளியிலயா?"

"கதவுக்கு அந்தப் பக்கம். கண்ணாடி வழியாப் பாருங்க. ஓபா, அகா, நீங்களும்."

"ஏன்னு சொல்லமாட்டியா?"

"சொன்னா நம்பமாட்டீங்க டோம்லா." கூண்டைக் காட்டினாள். "எலி சொன்னா நம்புவீங்க."

அவர் திரும்பி நடந்தார். நாங்கள் மூன்று பேரும், அந்த ஆய்வகத்தின் மூத்தவர்கள் மூன்று பேரும், தாழ்வாரத்தில் கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றோம். உள்ளே அவள் மேடையைத் துடைத்து, ஜன்னலைத் திறந்து காற்று விட்டு மூடிய பிறகு எலி மேடை நடுவில் இறங்கியது. மீசையை ஆட்டியது. வெட்டவெளிப் பலகையில் விளிம்பு வரை நடந்து போய்க் கீழே எட்டிப்பார்த்தது.

"கை நல்ல கைதான்," என்றார் டோம்லா. "நான் பக்கத்துல நின்னா பயப்படறா, அவ்வளவுதான்."

ஹுல்கர் கதவைத் திறந்தாள். "டோம்லா, இப்ப சால்வையை மட்டும் குடுங்க. நீங்க இங்கயே இருங்க."

அவர் சுற்றுச் சுற்றாகக் கழற்றிக் கொடுத்தார். சால்வை இல்லாத அவர் கழுத்தை நான் அதற்கு முன் குளிர்காலத்தில் பார்த்ததில்லை. அவள் அதைக் கொண்டுபோய் முக்காலியில் வைத்தாள், அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில். வேறொரு எலியை விட்டாள். ஒரே பாய்ச்சல். மூலையில் சுருண்டது. அப்புறம் எல்லாவற்றையும் முன்னாலேயே யோசித்து வைத்தவள்போல, சால்வையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு வெளியே கொண்டுவந்து வைத்தாள். மறுபடி ஜன்னலைத் திறந்தாள், காத்திருந்தாள், மேடையைத் துடைத்தாள். மூன்றாவது எலி நடந்தது.

டோம்லா பையைப் பிரித்துச் சால்வையை மூக்கருகே கொண்டுபோனார். புரட்டிப் புரட்டி முகர்ந்தார்.

"ஒண்ணும் வரலையே."

"வீட்ல தினமும் போடறது பழகின மூக்குக்கு வராது டோம்லா," என்றாள் அவள். "எங்க ஊர்லயும் யாருக்கும் வராது."

அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. "இசிரிக்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கதவில் தான் கையெழுத்துப் போட்டு ஒட்டியிருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்.

"பார்னோ."

"சொல்லுங்க டோம்லா."

"மருந்து குடுத்ததுக்கெல்லாம் நான் வந்து நின்னேன்."

"ஆமா டோம்லா."

"குடுக்காததுக்கு?"

"ஒரு தடவைகூட வரல."

அவர் என் முகத்தைப் பார்க்கச் சிரமப்பட்டார். "முதல்லேருந்து பண்ணணும்."

"பண்ணணும்," என்றேன். அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். அழவில்லை, மூக்கு மட்டும் ஒழுகியது.

அவர் கைப்பேசியை எடுத்துத் தாழ்வாரத்தின் கோடிக்குப் போனார். ஆனாலும் அவர் குரல் எங்களுக்குக் கேட்டது. ஆந்திஜான் பையனிடம் பேசிக்கொண்டிருந்தார். "மகனே, தப்பு உன் கைல இல்லடா. என் கழுத்துல இருந்துச்சு. திங்கக்கிழமை வந்துடு."

இல்யோஸ் என் காதில், "இருக்கறது ஒரு இடம்தானே ஓபா?" என்றான். ஹுல்கருக்கும் அது கேட்டிருக்கும். கூண்டுகளை மூடத் தொடங்கினாள். தன் பையை எடுத்து, ரொட்டி சுற்றியிருந்த துணியை மடித்து உள்ளே வைத்தாள். காலையில் அறையவேண்டும் என்று நினைத்த பெண், இப்போது போய்விடுவாளோ என்று எனக்கே பதைத்தது.

டோம்லா திரும்பி வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தார். "தேநீர் இல்லையா?"

ஹுல்கர் பையை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பானையை எடுத்தாள். அவர் எழுந்து அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். நான் பார்த்தவரை அவர் அங்கே பானையைத் தொட்டதே இல்லை.

"உக்காரு. மொத நாளே என் கிண்ணத்துல வழிய வழிய ஊத்தின. வெளில போன்னு அன்னிக்கே சொல்லிட்ட. எனக்குத்தான் சனிக்கிழமை வரைக்கும் புரியல."

இல்யோஸ் வெடித்துச் சிரித்தான். அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இடம் ஒண்ணு போதும்னு மேல எழுதிக் குடுத்தவன் நான்தான்," என்றார் டோம்லா. "ரெண்டு வேணும்னு போய்க் கேக்கறேன்."

எங்கள் வழக்கப்படி பானையிலிருந்து கிண்ணத்துக்கும் கிண்ணத்திலிருந்து பானைக்குமாக மூன்று தரம் மாற்றி ஊற்றினார். அப்புறம் அவள் கிண்ணத்தில், அடி மட்டும் நனைகிற அளவுக்கு, ஒரே ஒரு வாய் ஊற்றினார். மரியாதைக்கு இடது கையை நெஞ்சில் வைத்து நீட்டினார். அவள் குடித்தாள். மறுபடி ஒரு வாய் ஊற்றினார். குடித்தாள். மறுபடியும் ஊற்றினார். பானை காலியாகும் வரை அப்படியே ஊற்றிக்கொண்டிருந்தார். என் கிண்ணத்தை யாரும் கவனிக்கவில்லை. நானே எழுந்து போய் அடுத்த பானைக்கு வெந்நீர் வைத்தேன்.